டெட்ராய்ட் கண்ணாடியும் அம்மாவின் முழங்காலும்

வால்டன்ஹைம்,
1957 மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்கள் நலமா என்று அம்மா கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

புதுக் காரின் வண்ணப் படம் வியாழக்கிழமை வந்தது. அம்மா கண்ணில் படவேண்டும் என்று சமையலறை மேசை நடுவில் விரித்து வைத்தேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பார்த்தாள். தோல் அதன்மேல் விழாமல் கிண்ணத்தை நகர்த்தினாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு ஷாப்பெர்ட் அத்தையும் மாமாவும் பார்க்க வந்தார்கள். மாமா உங்கள் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் இருப்பவர் அல்லவா? மேலே கிரீம், கீழே பவளச் சிவப்பு என்று பார்த்ததும், "என்னடி இது, பாதியில டப்பா தீந்துபோச்சா உங்கப்பாவுக்கு?" என்றார். அத்தை, "சும்மா இருங்க. பொறந்தநாள் கேக்கு மாதிரி அழகா இருக்கு" என்றாள். பின்னால் நிற்கும் அந்த இரண்டு துடுப்புகள் எதற்கு என்றும் கேட்டாள். கலைக்களஞ்சியத்தில் மீன்கள், விமானங்கள் இரண்டு கட்டுரைகளையும் படித்துவிட்டேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்குத் துடுப்பு தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் சரியான காரணம் எழுதினால் அத்தையிடம் சொல்வேன்.

இன்னொரு சந்தேகம். முன்கண்ணாடி பக்கவாட்டிலும் வளைந்து வருகிறது. அதனால் கண்ணாடியைத் தாங்கும் தூண் பின்னால் தள்ளிப்போய், அதன் கீழ்முனை கதவு திறக்கும் இடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஏறும்போது கால் எந்த வழியாகப் போகும்?

"ஒரு வருஷம்" என்று சொல்லிப் போனீர்கள். அப்புறம் "களிமண்ணில் செய்யும் மாதிரிக் கார் முடியட்டும்" என்றீர்கள். அப்புறம் "தகடு அழுத்தும் அச்சு முடியட்டும்." இப்போது படமே வந்துவிட்டது. எப்போது வருகிறீர்கள்?

அம்மா சொல்கிறாள்: "எழுது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுதுன்னு எழுது." எழுதிவிட்டேன். இப்போது, "வேணாம், அடிச்சிடு" என்கிறாள். அடிக்க மனமில்லை. குழாய் ஒழுகுவது உண்மை.

உங்கள் அன்பு மகள்,
ரோஸ்வித்தா

*

டெட்ராய்ட்,
1957 மார்ச் 28

அன்பு மகள் ரோஸ்வித்தாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எங்கள் தலைமை வடிவமைப்பாளருக்குப் பதில் சொல்வதைவிடக் கஷ்டம்.

துடுப்புக்குக் காரணம் ஒன்றே ஒன்று. பார்த்தவன் திரும்பவும் பார்க்கவேண்டும். போர் முடிந்து பன்னிரண்டு வருடமாக நம் ஊரில் எல்லாம் சாம்பல் நிறம், கறுப்பு நிறம். இங்கே தெருவைப் பார்த்தால் திருவிழா மாதிரி இருக்கிறது. அந்தத் திருவிழாவில் ஒரு துண்டை வெட்டி நம் ஊர் ஹெல்பாக் கம்பெனியின் சின்னக் காரில் வைக்கத்தான் என்னை அனுப்பினார்கள். வளைந்த கண்ணாடிதான் அதில் உயிர். காரைப் பார்க்காமலே, அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தே வாங்கிவிடுவார்கள்.

ஏறும் விஷயத்தில் கவலை வேண்டாம். மரத்தில் சட்டமும் இருக்கையும் செய்து பார்த்தாகிவிட்டது. எங்கள் அலுவலகச் செயலாளர் மிஸ் டோரீன்தான் எப்போதும் ஏறி இறங்கிக் காட்டுவார். முதலில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து ஒரே வீச்சில் உள்ளே எடுத்துக்கொள்வார். பார்க்க நாட்டியம் மாதிரி இருக்கும்.

இப்போது முக்கியமான செய்தி. கார் நன்றாக விற்றால் எனக்கு இங்கேயே மூன்று வருட ஒப்பந்தம் தருவார்கள். வீடும் தருவார்கள். வீட்டோடு கார் கொட்டகை, பின்னால் புல்வெளி. நீ படிக்கப் பெரிய நூலகம் நடந்து போகும் தூரத்தில். நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடலாம். இதை அம்மாவிடம் நேரம் பார்த்து, பக்குவமாகச் சொல்.

குழாய்க்கு ஷாப்பெர்ட்டைக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா

*

வால்டன்ஹைம்,
1957 ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

பக்குவமாகச் சொல்லச் சொன்னீர்கள். உங்கள் கடிதங்களை அம்மாவுக்கு நான் வாய்விட்டுத்தான் படிப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். பக்குவம் பற்றிய வரி, மிஸ் டோரீனுக்கு அப்புறம் வருகிறது. நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு காலையும் சேத்தா?" என்றாள்.

"ஆமாம்மா. ஒரே வீச்சில."

"நாட்டியம் மாதிரியா?"

"அப்படித்தான் எழுதியிருக்கார்."

"நல்லது. எழுது. இந்த வீட்ல ஆடுற கால் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு மடங்காதுன்னு எழுது." பிறகு, "அடிச்சிடு" என்றாள். மேசை விரிப்பில் பழுப்புக் கறை விழுந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்துவிட்டாள். அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை.

அப்பா, மன்னிக்கவும், ஆனால் நீங்கள் இதை யோசித்தீர்களா? அம்மாவின் வலது முழங்கால். குண்டு விழுந்த அன்று என்னைத் தூக்கிக்கொண்டு நிலவறைப் படியில் விழுந்தபோது அடிபட்டது. அப்போது எனக்கு ஒரு வயது, நீங்கள் போர்முனையில். நான் இந்த வாரம் கோணமானி வைத்து அளந்து பார்த்தேன். அம்மா "போடி பைத்தியம்" என்றாலும் காலை நீட்டிக் காட்டினாள். அந்த முழங்கால் கால்வாசி கூட மடங்கவில்லை. உங்கள் படத்தின் அளவை வைத்து, சமையலறை நாற்காலிக்குப் பக்கத்தில் துடைப்பக் கட்டையைத் தூணாக நிறுத்தி உட்காரச் சொன்னேன். கட்டை விழுந்தது. இரண்டாவது முறை அம்மா விழப்பார்த்தாள்.

தூணை நேராக்க முடியுமா? இது என் வேண்டுகோள். அம்மா கேட்கச் சொல்லவில்லை.

மூன்று வருடம் என்பதை மறுநாள் காலைதான் சொன்னேன். அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் தடவினாள். "வீடு குடுப்பாங்க, கொட்டகை குடுப்பாங்க. சரி. அங்க கடைக்குப் போகணும்னாக்கூடக் காருதானாமே? அந்தக் காருல நான் எப்படி ஏறுவேன்னு யாராவது கேட்டாங்களா?" என்றாள். இதை எழுதச் சொல்லவில்லை. அடிக்கவும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
ரோஸ்வித்தா

*

டெட்ராய்ட்,
1957 மே 5

ரோஸ்வித்தாவுக்கு,

துடைப்பக் கட்டையை வைத்துக் கார் வடிவமைக்கக்கூடாது. அம்மாவை விழவைக்காதே.

ஒரு அச்சு செய்ய எவ்வளவு மாதம் ஆகிறது, எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. தூண் என்பது நினைத்தால் நேராக்கும் வேலிக் கம்பு இல்லை. உலகம் முழுவதும் இந்தக் கண்ணாடியை விரும்புகிறது. ஒரு முழங்காலுக்காக ஒரு காரையே மாற்றமுடியுமா?

ஏறும் முறையைக் கீழே படமாக வரைந்திருக்கிறேன். முதலில் கதவை முழுக்கத் திற. காருக்கு முதுகைக் காட்டி நில். பின்னால் சாய்ந்து உட்கார். பிறகு உடம்பைத் திருப்பி, காலைச் சற்று மடக்கி உள்ளே எடு. கொஞ்சம் பழகினால் யாருக்கும் வரும். அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

ஆகஸ்டில் தொழிற்சாலைக் குடும்ப விழாவில் காரைத் திறந்து வைக்கிறார்கள். வடிவமைப்பாளரின் மனைவி என்று அம்மாவைத்தான் முதலில் உட்காரச் சொல்வதாக இயக்குநர் ஹார்ட்விக் எழுதியிருக்கிறார். எவ்வளவு பெரிய மரியாதை! என்னால் விழாவுக்கு வரமுடியாது, இங்கே அடுத்த காரின் வேலை தொடங்கிவிட்டது. எனக்குப் பதிலாக அம்மா அங்கே நிற்கட்டும்.

அப்பா

*

வால்டன்ஹைம்,
1957 ஆகஸ்ட் 19

அப்பா,

நேற்று விழா. நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

உங்கள் படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். "காலைச் சற்று மடக்கி" என்ற இடத்தில் விரலை வைத்து, "இந்த எடம்தான்டி" என்று மட்டும் சொன்னாள். போகவேண்டாம் அம்மா என்றேன். "போகலன்னா உங்கப்பாவுக்குத்தான் அவமானம்" என்று நீல உடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். காலையில் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் பழகிப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வாசலில் பேண்டு வாத்தியம். சாசேஜ் புகையில் கண் எரிந்தது. நடுவில் சுற்றும் மேடை, அதன்மேல் வெள்ளைத் துணி மூடிய கார். துணியை இழுத்ததும் எல்லோரும் "ஆ!" என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் சொன்னேன். வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு ஓரம் வரைக்கும் ஓடியது. இது எங்கப்பா செய்தது என்று பக்கத்திலிருந்த, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன்.

இயக்குநர் அம்மாவின் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார். "பிரென்னெக்கே அம்மா, உங்க வீட்டுக்காரரோட காரு. மொதல்ல நீங்கதான்" என்றார். புகைப்படக்காரர் இரண்டு பேர் மண்டியிட்டார்கள்.

அம்மா நீங்கள் வரைந்தபடியே செய்தாள். கதவு, முதுகு, சாய்ந்து உட்காருதல். இடது கால் உள்ளே போயிற்று. வலது கால் தூணில் இடித்து நின்றது. அம்மா இரண்டு கையாலும் காலைப் பிடித்து இழுத்தாள். வெளியே நீட்டியபடி நின்ற செருப்பு கழன்று மேடையில் விழுந்தது. அது உருண்டு விளிம்பு வரைக்கும் போனது. பேண்டு வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"மெதுவா, மெதுவா மேடம்" என்றார் இயக்குநர்.

"மெதுவாத்தான் இருக்கேன். இந்தக் கம்பந்தான் அவசரப்படுது."

கூட்டம் சிரித்தது. "அந்தப் பக்கமா ஏறலாமா?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தப் பக்கம் ஸ்டீயரிங் இருக்கே மேடம். அங்கயும் இதே தூணுதான்."

அம்மா எழுந்தாள். நான் ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். பின்கதவைத் தானே திறந்தாள். பின்சீட்டில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்து, கூட்டத்துக்குக் கையசைத்தாள். "பிரென்னெக்கேம்மாவுக்கு டிரைவர் வேணுமாம்!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். படமும் எடுத்தார்கள். தொழிற்சாலைப் பத்திரிகையில் வரும், உங்களுக்கும் வரும்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். அம்மா தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். நான் காபி வைத்தேன். ஆறிப்போயிற்று.

"அவரு செஞ்ச காருல எனக்கு எடமில்ல. அதத்தான் இன்னிக்கு ஊரைக் கூட்டிக் காட்டினாங்க" என்றாள்.

"எழுதட்டுமா அம்மா?"

"எழுது. இதை அடிக்காதே."

ரோஸ்வித்தா

*

வால்டன்ஹைம்,
1957 செப்டம்பர் 22

அப்பா,

பதில் இல்லை. தபால்காரர் இப்போது என்னைக் கண்டதும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, அதாவது உங்களுக்கு மட்டும் நல்ல செய்தி: கார் விற்கிறது. சும்மா விற்கவில்லை, பறக்கிறது. பல் மருத்துவர் வாங்கினார், பாதிரியாரின் தம்பி வாங்கினார், ஷாப்பெர்ட் மாமா தவணையில் வாங்கிவிட்டார். எல்லோருக்கும் முழங்காலில் இடிக்கிறது. அந்தக் கன்னிப்போன காயத்துக்கு ஊரில் "டெட்ராய்ட் முத்தம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பார்த்தால் பாதிப் பேர் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "இடிக்குதா மாமா?" என்று கேட்டேன். "இடிச்சா என்னடி, தேச்சுவிட்டா போச்சு. கண்ணாடியைப் பாத்தியா!" என்கிறார். இவர்களோடு என்ன பேசுவது? பெரியவர்களுக்கு அறிவு எந்த வயதில் வரும் என்று எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இல்லை.

ஆக, இடித்தால் விற்காது, விற்காவிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நான் போட்ட கணக்குத் தப்பு. கார் விற்றுவிட்டது. இனி மூன்று வருடம்.

அம்மா வீடு மாற்றுவது பற்றிப் பேசவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரவு உணவுக்கு மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குவது வழக்கம். இந்த வாரம் இரண்டுதான் எடுக்கிறாள்.

"எழுதட்டுமா?" என்று கேட்டேன். "என்ன இருக்கு எழுத?" என்றாள்.

எனக்கு அலுத்துவிட்டது அப்பா. நீங்கள் அம்மாவுக்குச் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்கிறீர்கள். அம்மா உங்களுக்குச் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லி அடிக்கச் சொல்கிறாள். இனி யாருக்காகவும் எழுதமாட்டேன். இது நானாக எழுதும் கேள்வி: அந்த மரச் சட்டத்தில் ஏறி உட்காரும் பெண்ணைப் பார்த்தபோது, ஒரு நிமிடமாவது அம்மாவை நினைத்தீர்களா?

ரோஸ்வித்தா

*

டெட்ராய்ட்,
1957 அக்டோபர் 9

அன்பு ரோஸ்வித்தாவுக்கு,

இல்லை. நினைக்கவில்லை.

இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. பலமுறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் அச்சு, செலவு, கண்ணாடி என்றே பேனா போனது.

பத்திரிகைப் படம் வந்தது. ஹார்ட்விக் கூடவே ஒரு குறிப்பு வைத்திருந்தார்: "பின்சீட்டில் உங்கள் மனைவி எவ்வளவு கம்பீரம்! விளம்பரத்துக்கே வைத்துக்கொள்ளலாம்." இங்கே அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். எல்லோரும் அம்மாவின் சிரிப்பைப் பார்த்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். போரிலிருந்து நான் திரும்பி வந்த அன்று, கால் வலிக்கிறதா என்று கேட்டபோது சிரித்தது அது.

ஒரு சனிக்கிழமை, யாரும் இல்லாதபோது மரச் சட்டத்தை இழுத்துப் போட்டேன். என் வலது முழங்காலுக்குப் பின்னால் ஒரு பலகையை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டேன். ஏறமுடியவில்லை. நான் வரைந்துகொடுத்த முறையில் ஏறிப் பார்த்தேன், அப்போதும் முடியவில்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறந்துவைத்த கைப்பையை எடுக்க வந்த மிஸ் டோரீன், "என்ன சார் பண்றீங்க?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் மொதல் நாள்லேர்ந்தே இடிக்குது சார். தடிச்ச ஸ்டாக்கிங் போட்டுக்கிட்டு வருவேன். நீங்க யாரும் வலிக்குதான்னு கேக்கல. எப்படி இருக்குன்னுதான் பாத்தீங்க" என்றார்.

நாங்கள் காரைத் தூரத்தில் நின்று பார்த்தே செய்கிறோம், ரோஸ்வித்தா. களிமண் காருக்குக் கதவு திறக்காது. உள்ளே யாரும் உட்காரமுடியாது. சுற்றிச் சுற்றி வந்து, தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்ப்போம். இரண்டு வருடமாக நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன். காருக்கு மட்டும் இல்லை.

தூணை நேராக வரைந்து தலைமை வடிவமைப்பாளரிடம் கொண்டுபோனேன். "காரை விக்கிறது கண்ணாடிய்யா, முழங்கால் இல்ல" என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அடுத்த மாதிரிக்குப் பார்க்கலாமாம். நடந்தாலும் அதில் வேறு யாருடைய பெயரோ இருக்கும்.

ஒப்பந்தம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. இது தியாகம் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. இங்கே எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. எனக்கும் இந்தக் கண்ணாடியின் மேல் ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் புல்வெளியோடு கூடிய அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். வாசலில் ஏழெட்டுப் படி, கைப்பிடி இல்லை. முன்பு பார்த்தபோது அது என் கண்ணில் படவே இல்லை.

ஹெல்பாக்கில் பழைய அறையில் ஒரு மேசை தருகிறார்கள். சம்பளம் குறைவு. நவம்பர் 14 அன்று கப்பல் பிரெமர்ஹாஃபன் துறைமுகத்துக்கு வருகிறது. மறுநாள் மதியம் ரயிலில் பிராங்ஃபர்ட். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நேரத்தை மட்டும் எழுதுகிறேன்: 2.40.

இந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படிக்காதே. அம்மாவின் கையில் கொடுத்துவிடு.

அப்பா

*

வால்டன்ஹைம்,
1957 அக்டோபர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

கொடுத்துவிட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தாள். அப்புறம் மடித்தாள். அப்புறம் திரும்பவும் பிரித்தாள். அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது, நான்தான் இறக்கினேன்.

"என்னம்மா?" என்றேன்.

"பலகை கட்டிக்கிட்டாராமே" என்றாள். "எந்தக் காலுல?"

"வலதுன்னு எழுதியிருக்காரு."

"சரியாத்தான் ஞாபகம் வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு வழிந்த சூப்பைத் துடைத்தாள். அடுப்பைத் துடைத்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் உங்கள் மேல் கோபம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. குளியலறைக் குழாயை ஷாப்பெர்ட் மாமா வந்து பார்த்தார். முன்பு ஒழுகியது, இப்போது கொட்டுகிறது. வந்ததும் அதைக் கவனியுங்கள்.

இயக்குநர் ஹார்ட்விக் இன்று வந்து அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார். என்ன என்று கேட்டால், "நீதான் யாருக்காகவும் எழுதமாட்டேன்னியே. தாளைக் குடு" என்கிறாள். இதற்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. கொடுக்கிறேன். என்னைத் திரும்பி நிற்கச் சொல்கிறாள்.

உங்கள் மகள்,
ரோஸ்வித்தா

எவால்ட்,

பிராங்ஃபர்ட் ஸ்டேஷனுக்குத் தொழிற்சாலையிலிருந்து புதுக் கார் அனுப்புகிறார்களாம், உங்கள் கார்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் ரயிலில் வருகிறேன்.

திரும்பும்போது நீங்கள் ஜன்னலோரம் உட்காருங்கள். எனக்குக் காலை நீட்ட நடைவழிப் பக்கம் வேண்டும்.

லீசலோட்டே